பதினான்காம் பத்தி

தேங்காய்ப்பட்டணம்
9 பிப்ரவரி 2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களை சார் என்று கூப்பிடவா, மாமா என்று கூப்பிடவா என்று தெரியாமல் இந்த மெயிலை நான்கு தடவை அழித்து எழுதிவிட்டேன். அண்ணன் முறையில் காக்கா என்று வைத்துக்கொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் திட்டி ஒரு வரி போடுங்கள். ஆனால் போடுங்கள்!

என் பெயர் முப்ஷிரா. வயது இருபத்திரண்டு. பி.காம். தபாலில் முடித்தேன். ஜங்ஷனில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடையில் வேலை. இது வெளியே. உள்ளே நான் அமெரிக்கக் கோர்ட்டுகளின் ரசிகை. சிரிக்காதீர்கள். லாக்டவுன் சமயம் ஒரு வழக்கு விசாரணையை யூடியூபில் பார்த்தேன். அதோடு போச்சு. சட்டம் ஒரு எழுத்துப் படித்ததில்லை. தெரியாத வார்த்தையைத் தேடித் தேடி, இப்போது தீர்ப்புகளை பி.டி.எஃப்பில் முதல் பக்கத்திலிருந்து அடிக்குறிப்பு வரை வாசிக்கிறேன். எங்கள் உம்மா பாஸிலா சொல்வாள்: "ஏட்டி, ஊருல உள்ள பிள்ளையளு நடிகன் பின்னால போவுது. நீ என்ன வக்கீலுக்க பின்னால போற?"

போன வாரம் உங்கள் மாநிலத்து வழக்கு ஒன்றைத் திறந்தேன். முதலீட்டு ஆலோசகர்கள் சேர்ந்து மாநில அரசு மேல் போட்ட வழக்கு. சாட்சிகளின் பிரமாணப் பத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஆறாவது ஆள், முஹம்மது ஷரீஃப். சரி, நம்ம ஆள் பேர் மாதிரி இருக்கே என்று வாசித்தேன். பதினான்காம் பத்தி வந்தது.

"நான் பிறந்த தேங்காய்ப்பட்டணம், ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மீன்பிடி ஊர். என் தந்தை முகம்மது மீரானுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. பங்காளி அந்தப் படகை, இரண்டு படகுகள் சேர்ந்து கடலடியை வாரும் இரட்டைமடி வலை இழுக்க விட முடிவு செய்தபோது, கடலை அழித்து வரும் லாபம் வேண்டாம் என்று என் தந்தை விலகினார். அது நஷ்டம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை."

காக்கா, நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி! ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் பயந்துபோய், "என்ன பிள்ளே, கரண்ட் அடிச்சிட்டா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெயர், ஃபெடரல் கோர்ட் முத்திரைக்குக் கீழே!

நான் புரிந்துகொண்டது சரியா என்று மட்டும் சொல்லுங்கள். ஒருத்தர் தன் பணத்தை மார்க்கத்துக்கோ, இயற்கைக்கோ, ஏழைகளுக்கோ கேடு வராத இடத்தில் போடச் சொன்னால், முதலில் அரசு எழுதிக் கொடுத்த வாசகத்தில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "என் பணம் எனக்கு நல்ல லாபம் தருவதற்காக அல்ல, வேறு நோக்கத்துக்காகப் போடப்படுகிறது என்று அறிந்து ஒப்புக்கொள்கிறேன்." நீங்கள் வாங்க மறுத்தீர்கள். இவ்வளவுதானே?

உங்கள் ரசிகை,
முப்ஷிரா


16 பிப்ரவரி 2025

வ அலைக்கும் ஸலாம், முப்ஷிரா.

காக்கா என்றே கூப்பிடு. இங்கே அப்படிக் கூப்பிட ஆளில்லை. உன் மெயிலை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "உங்களுக்கு ரசிகையா!" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

நீ புரிந்துகொண்டது சரிதான். என்னிடம் வருகிறவர்கள் பெரிய ஆட்கள் இல்லை. லாரி ஓட்டுகிறவர்கள், நர்ஸுகள், சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பேக்கரிக்காரர். ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கிற காசு. சாராயத்தில் போடாதே, வட்டியில் போடாதே, கடலையும் மலையையும் சுரண்டுகிறவனிடம் போடாதே என்பார்கள். அதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள்.

அரசு சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. கேட்காமல் ஒருத்தர் பணத்தைத் தன் கொள்கைக்கு வளைக்கக் கூடாது என்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். என்ன செய்கிறேன் என்று என் வார்த்தையில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். அரசுக்கு அது போதாது. அவர்கள் வார்த்தையே வேண்டுமாம். அந்த வார்த்தைப்படி, என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் நஷ்டத்துக்குத் தெரிந்தே இறங்குகிற முட்டாள். நான் அதை நம்பவில்லை. நம்பாததை என் கையால் நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? வாங்காவிட்டால் உரிமம் போகும். பெரிய கம்பெனிகள் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கின்றன. வழக்குப் போட்டது எங்களைப் போல ஏழெட்டுச் சில்லறை ஆட்கள்.

பதினான்காம் பத்தியை எழுதும்போது வக்கீல் கரோலின், "உங்கள் வீட்டில் நடந்தது ஏதாவது உண்டா?" என்று கேட்டார். வேறு எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. எனக்கு அப்போது பதிமூன்று வயது. ராத்திரிச் சோறு தின்னும்போது வாப்பா சொன்னார். சோற்றில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த மனிதரின் மகன் என்பதுதான் எனக்கு முகவரி.

அவர் மவுத்தாகி ஆறு வருடம். உம்மா ரசூல் பீவி பள்ளிவாசலுக்குத் தெற்கே பச்சைக் கேட் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஷரீஃப்


5 மார்ச் 2025

காக்கா,

நோன்பு நாலாவது. பசியில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். பதினான்காம் பத்தியைத் தமிழில் வாசித்து ஒரு வீடியோ போட்டேன். என் பக்கத்துக்கு இதுவரை நாற்பத்து மூன்று பேர்தான். அதில் எட்டுப் பேர் என் சொந்தக்காரர்கள். இது பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்! குவைத், துபாய், ஷார்ஜா என்று நம்ம ஊர் வாட்ஸாப் குழு எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஒரு ஆள் கீழே எழுதியிருக்கிறார்: "மீரான் காக்கா இப்படிப்பட்ட மனுசனா! கடையில கடன் கேட்டா மட்டும் கண்ணு தெரியாதே." கோபப்படாதீர்கள், அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. போன வருடம் மிசௌரியில் இதே மாதிரி ஒரு விதியை ஃபெடரல் கோர்ட் நிறுத்திவிட்டது. அந்தத் தீர்ப்பு முழுவதும் வாசித்துவிட்டேன். அரசு ஒரு வியாபாரியை வெறும் தகவல் சொல்ல வைக்கலாம். மருந்துக் குப்பியில் "விஷம்" என்று ஒட்டச் சொல்லலாம், அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் சர்ச்சையில் உள்ள ஒரு கருத்தை உண்மை மாதிரிச் சொல்ல வைக்க முடியாது. காக்கா, ஒரு மனிதனுடைய வாயை அரசிடமிருந்து காப்பாற்ற இத்தனை பேர் உட்கார்ந்து இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. உம்மா, "நோன்பு வச்சா அப்படித்தான், தலை சுத்தும்" என்கிறாள்.

முப்ஷிரா


20 மார்ச் 2025

முப்ஷிரா,

வீடியோ போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, போட்டாயிற்று. உம்மாவும் பார்த்தாளாம். ஃபோனில், "நல்லா வாசிச்சிருக்கு அந்தப் பிள்ள" என்று மட்டும் சொன்னாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் போன வாரம் என்னை ஆறு மணிநேரம் கேள்வி கேட்டார். அதில் ஒரு மணிநேரம் பதினான்காம் பத்தி. "நேரில் பார்த்தீர்களா?" "இல்லை, தந்தை சொன்னார்." "உங்கள் தந்தை உண்மையே பேசுகிறவரா?" "நான் அறிந்தவரில் அவரைப் போல இல்லை." சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன். ஆகஸ்டில் விசாரணை. ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்.

துஆ செய்.

ஷரீஃப்


10 ஜூன் 2025

காக்கா,

மூன்று நாளாக இதை எழுதாமல் இருக்க என்னென்ன சாக்கு உண்டோ எல்லாம் தேடினேன். இனி ஒன்றும் பாக்கி இல்லை.

வீடியோவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் அஞ்சலி என்கிற அக்கா. "எங்க அப்பா இதைக் கேட்டுட்டு சிரிக்காரு. ஆளு மாறிப்போச்சாம்." யார் உங்கள் அப்பா என்று கேட்டேன். ஜெயசிங் என்றார்கள். உங்கள் வாப்பாவின் பங்காளி.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. போனேன். தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நீதானா அந்த வீடியோ பிள்ள?"

"ஆமா மாமா."

"கொள்ளாம். நல்லாத்தான் வாசிச்சே. ஆனா மோளே, இரட்டைமடி இழுக்கணும்னு நின்னது மீரானாக்கும். நடக்காதுன்னு சொன்னது நான்."

எனக்குக் காதில் ஏறவில்லை. "அவரு விலகினாருன்னுல்லா..." என்றேன்.

"விலகினானா!" பல் தெரியச் சிரித்தார். "கொச்சிக்காரன் ஒருத்தன் வந்தான். ரெண்டு போட்டும் சேந்து ஒரே மடிய ரெண்டு பக்கமும் புடிச்சு இழுப்போம், அடியில கெடக்க முட்டை குஞ்சு வரைக்கும் வந்துரும்னான். மீரானுக்கு அந்தக் காசு மேல ஒரே கொதி. நான் முடியாதுன்னேன். அவனுக்க பங்கைக் குடுத்து, போயிட்டு வா மீரானேன்னு அனுப்பினேன். பெறவு அவன் கடல் பக்கமே வரல்ல, கடை வச்சான். கெட்டவன்னு நினைக்காத, கேட்டியா? நல்ல கூட்டுக்காரன். கையில ஒண்ணும் இல்லாத சமயம் மனுசனுக்கு மடி பெருசாத்தான் தெரியும்."

அப்புறம் நான் கேட்டேன், "அப்போ கடலுக்காக நீங்க லாபத்த விட்டுக்குடுத்தியளா மாமா?"

காக்கா, அவர் என்னைப் பார்த்த பார்வை! கிறுக்கச்சியைப் பார்க்கிற மாதிரி.

"நான் எதை விட்டேன்? எனக்கு அப்போ முப்பது வயசு. இன்னும் முப்பது வருசம் இதே கடல்ல கெடக்கணும். முட்டையையும் குஞ்சையும் வாரிட்டா பெறவு நான் எங்க போவேன்? கீரிப்பாறையில ரப்பர் வெட்டவா? நான் எனக்க லாபத்தத்தான் பாத்தேன். மீரான் அந்த மாச லாபத்தப் பாத்தான். அவ்வளவுதான்."

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் தலையாட்டினார்கள். ஊரில் அந்தக் காலத்து ஆட்களுக்கெல்லாம் தெரியுமாம். மவுத்தான ஆளைப் பற்றி எதுக்கு என்று யாரும் வாய் திறக்கவில்லை.

வீடியோவை எடுத்துவிட்டேன்.

முப்ஷிரா


12 ஜூன் 2025

முப்ஷிரா,

என் வாப்பா பதில் சொல்ல உயிரோடு இல்லை. வலை பொத்துகிற நாலு பேர் முப்பது வருடம் கழித்துச் சொல்வதைக் கேட்டு எனக்கு எழுதுகிறாய். உன்னை யார் விசாரிக்கச் சொன்னது? இது உன் ரீல் இல்லை. என் தொழில், என் வீடு, என் வாப்பாவின் பெயர்.

நீ ரசிகை. அப்படியே இரு.

ஷரீஃப்


14 ஜூன் 2025

காக்கா,

உங்கள் மெயிலை வாசித்து அழுதேன். உம்மா பார்த்துவிட்டு, "எவன்டி அவன்?" என்று அகப்பையோடு வந்துவிட்டாள். அமெரிக்கக் கோர்ட்டில் சாட்சி என்று சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீங்கள் சொன்னது சரி. உங்களைக் கேட்காமல் வீடியோ போட்டேன். பெரிய சம்பவத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆசை. அந்தத் தப்பு என்னுடையது. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

ரசிகையாகவே இருக்கச் சொன்னீர்கள். நான் எதற்கு உங்கள் ரசிகை ஆனேன்? நம்பாத ஒரு வரியை என் கையால் நீட்டமாட்டேன் என்று ஒரு ஆள் உரிமத்தைப் பணயம் வைத்து நிற்கிறாரே என்றுதான். பதினான்காம் பத்தி உங்களுக்குத் தெரியாமல் எழுதியது. அதில் உங்கள் மேல் ஒரு பொட்டுக் குற்றம் இல்லை. ஆனால் இப்போது உங்களுக்குத் தெரியும், ஆகஸ்டில் திரும்பவும் கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் நிம்மதியாகச் செய்திருப்பீர்கள். அந்த நிம்மதியைக் கெடுத்தது நான்தான். கீழே அஞ்சலி அக்காவின் எண் இருக்கிறது. ஜெயசிங் மாமாவிடம் ஃபோனைக் கொடுப்பார்கள்.

இனி நீங்களாக எழுதினால் மட்டும் எழுதுவேன்.

முப்ஷிரா


27 ஜூலை 2025

முப்ஷிரா,

நாற்பது நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். நீயும் சொன்னபடியே இருந்தாய். முதலில் அந்த மெயிலுக்கு மன்னித்துக்கொள்.

ஜெயசிங் மாமாவிடம் பேசினேன். எண்ணை வைத்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். "எலே ஷரீஃபே! எஞ்சினுக்குள்ள கைய விட்டு அழுதவன்லா நீ" என்றார். அப்புறம் மழை, மீன், அவருடைய பேரப்பிள்ளைகள். அரை மணிநேரம். நானாகக் கேட்கும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்டதும், "உனக்க வாப்பாவக் கொறச்சுச் சொல்ல நான் ஃபோன் எடுக்கல்ல மக்கா" என்றார். எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

கரோலினிடம் போனேன். கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். தெரிந்த பிறகு அப்படியே விட முடியாது என்றார். இரண்டு வழி. ஒன்று, என் பிரமாணப் பத்திரத்தையே வாபஸ் வாங்குவது. மற்ற சாட்சிகள் இருக்கிறார்கள், என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், வாப்பா பெயரும் வெளியே வராமல் போகும். இன்னொன்று, திருத்திக் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறுவது. "ஏறினால் உங்களைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். வாபஸ் வாங்குங்கள். அதுவும் நேர்மைதான்" என்றார்.

நல்ல ஆலோசனை. வீட்டுக்கு வந்து வாபஸ் கடிதம்கூட எழுதிவிட்டேன். ஆனால் வாபஸ் வாங்கினால் ஜெயசிங் மாமா சொன்னது எங்கேயும் இருக்காது. அவர் செய்ததை முப்பது வருடம் நாங்கள் எங்களுடையதாக எடுத்து வைத்திருந்தோம். பிடிபட்டதும் கடலில் எறிந்துவிடுவதா?

திருத்தித் தாக்கல் செய்துவிட்டேன். "படகை இரட்டைமடிக்கு விட விரும்பியது என் தந்தை. மறுத்தவர் அவருடைய பங்காளி ஜெயசிங். நான் சொன்னது தவறு." மூன்று வரி. அந்த மூன்று வரியைத் தட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

உம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஷரீஃப்


23 ஆகஸ்ட் 2025

முப்ஷிரா,

நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரை அவ்வளவு உயரம். நீதிபதி உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்தோம். ஐம்பது பேர் எழுந்தும் ஒரு நாற்காலி சத்தம் இல்லை. ஜும்ஆவில் இமாம் மிம்பர் மேடையில் ஏறும்போது ஒரு அமைதி வருமே, அது. நான் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரர் மகன். ஒரு மாநிலம் முழுவதும் ஒரு பக்கம் நிற்கிறது, நான் மறுபக்கம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அரசு வக்கீல் மரியாதையான ஆள். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மார்ச் மாதம் உங்கள் தந்தையைப் போல உண்மையானவர் இல்லை என்று சத்தியம் செய்தீர்கள்?"

"செய்தேன்."

"ஜூலையில் அவர் சொன்னது பொய் என்று சத்தியம் செய்தீர்கள்?"

"ஆமாம்."

"அடுத்து எதைச் சத்தியம் செய்வதாக உத்தேசம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "தெரியவருவதை" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். போதும் என்று நினைத்திருப்பார். கரோலின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அப்போது நீதிபதி தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அந்த மீனவர் மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்?" அரசு வக்கீல் துள்ளி எழுந்தார், அடுத்தவர் சொன்னது சாட்சியம் ஆகாது என்று. "யார் என்ன செய்தார்கள் என்பதற்கு நான் இதை எடுக்கவில்லை. ஒரு மனிதர் இப்படியும் நினைக்க முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்" என்றார் நீதிபதி.

எனக்கு இங்கிலீஷ் மறந்துபோய்விட்டது. இருபத்தைந்து வருடம் பேசிய இங்கிலீஷ்! ஜெயசிங் மாமா சொன்னதை அவர் பேச்சிலேயே முழுவதும் சொல்லிவிட்டேன், கீரிப்பாறை ரப்பர் வரைக்கும். சொல்லி முடித்த பிறகுதான் எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு, இங்கிலீஷில் சொன்னேன். "நான் என் லாபத்தைத்தான் பார்த்தேன்."

நீதிபதி கேட்டார், "அரசின் இந்த வாசகத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா?"

"மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது பொய்."

"உங்கள் தந்தை?"

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொன்னேன்: "என் தந்தை அந்த மடியை விரும்பினார். ஆனால் மகனிடம் தன்னைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டி வந்தபோது, அவர் தான் செய்ததைச் சொல்லவில்லை. ஜெயசிங் செய்ததை எடுத்துக்கொண்டார். எது சரி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது."

நீதிபதி எழுதிக்கொண்டார். பேனா போகும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஷரீஃப்


4 செப்டம்பர் 2025

காக்கா காக்கா காக்கா,

நீங்கள் அனுப்பிய விசாரணைப் பதிவு வந்தது. கடையில் வைத்தே வாசித்தேன். நீங்கள் தமிழில் பேசிய இடத்தில் கோர்ட் எழுத்தர் என்ன போட்டிருக்கிறார் தெரியுமா? அடைப்புக்குறிக்குள் "வேற்று மொழியில் பேசுகிறார்". அவ்வளவுதான்! அந்த நாட்டில் எத்தனை வக்கீல்கள் அந்தப் பக்கத்தை வாசித்தாலும் அந்த அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும்! நான் எவ்வளவு பெரிய ஆள் ஆகிவிட்டேன் பாருங்கள்.

வாப்பாவைப் பற்றி நீங்கள் சொன்ன இடத்தை நான்கு தடவை வாசித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொள்கிறேன்.

முப்ஷிரா


17 அக்டோபர் 2025

காக்கா,

தீர்ப்பு! கரோலின் மேடத்துக்கு முன்னால் நான் வாசித்திருப்பேன் என்று நினைக்கிறேன், பந்தயம்!

எழுபத்திரண்டு பக்கம். அரசின் வாசகம் வெறும் தகவல் இல்லை, ஒரு தரப்பின் கருத்து. அதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்தப் பிரிவு நிறுத்தம். அரசு அப்பீல் போகும், போகட்டும், அதையும் வாசிப்பேன்.

ஆனால் முப்பத்தோராம் அடிக்குறிப்பு. பார்த்தீர்களா? "சாட்சி ஷரீஃப் தனக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தும் தன் பிரமாணத்தைத் தானே திருத்தினார். இந்த நீதிமன்றம் அவருடைய மற்ற சாட்சியத்தை முழுமையாக நம்புகிறது." அதற்கு அடுத்த வரியில் ஜெயசிங் மாமாவின் பெயர்!

பிரிண்ட் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். கடலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. பெயரைக் காட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினார்.

"இதுவா எனக்க பேரு?"

"இதுதான் மாமா."

"மீரானப் பத்தி என்ன போட்டுருக்கு? மோசமாட்டா?"

"இல்ல. அவரு மகன் சொன்னதத்தான் போட்டுருக்கு. எது சரின்னு அவருக்குத் தெரியும்னு."

அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். "அது உள்ளதுதான்" என்றார். ஏலக்காரர், "ஏ ஜெயசிங்கே, மீன விக்கணுமா வேண்டாமா?" என்று கத்தினார். "நில்லுலே, அமெரிக்கா ஜட்ஜிகிட்டப் பேசிட்டிருக்கேன்" என்றார் மாமா.

இப்போது கஷ்டமான விஷயம். அங்கே இருந்த ஐம்பது பேரும் கேட்டுவிட்டார்கள். இன்றோ நாளையோ பச்சைக் கேட்டுக்குள் போய்விடும். நான் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் உங்கள் உம்மா அடுத்தவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது. இன்றைக்கே கூப்பிடுங்கள் காக்கா.

முப்ஷிரா


19 அக்டோபர் 2025

முப்ஷிரா,

கூப்பிட்டேன்.

கோர்ட்டில் பேசியது சுலபம் என்று தோன்றிவிட்டது. "உம்மா, வாப்பா அந்தப் போட்டு விஷயத்துல எங்கிட்ட சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அது உள்ளது இல்ல, பொய்யின்னுதானே சொல்லப் போற?" என்றாள்.

அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். "நான் அடுக்களையில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். இந்த மனுசன் பிள்ளகிட்ட என்ன கள்ளம் சொல்லுதாருன்னு அகப்பையோட வெளிய வந்தேன். நீ சோத்துல கைய வச்சுட்டு அவர ஒரு பார்வ பாத்துட்டு இருந்த பாரு. எனக்கு வாய் எழும்பல்ல. அவரும் என்னப் பாத்தாரு. பெறவு அவரு சாவுத வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதப் பேசினதே இல்ல."

கோர்ட்டில் நான் சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும், வாப்பாவைப் பற்றி நீதிபதி கேட்டதையும். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நீ சொன்னது நல்லதாப் போச்சு. அதச் சொல்லுததுக்கு அவருக்குத் தெம்பில்லாம இருந்தது" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. லைன் சரியில்லை.

அப்புறம் ஒன்று கேட்டாள். ஜெயசிங் இப்போதும் கடலுக்குப் போகிறானா, எந்தப் படகு, எத்தனை மணிக்குக் கரைக்கு வருவான் என்று. முப்பத்திரண்டு வருடமாக அவர் படகு மீனை அவள் வாங்கியதில்லையாம். வெறுப்பு இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், மீன்காரி கூடையை இறக்கினால் முதலில், "இது யாருக்க போட்டு மீனு?" என்று கேட்டு, அவருடையது என்றால் திருப்பி அனுப்பிவிடுவாளாம். நல்ல சாளைக் காலத்திலும்.

நாளைக்குத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். முட்டு வலி, தனியாக நடக்க முடியாது. உன் கடையை எத்தனை மணிக்குத் திறப்பாய்? அதற்கு முன்னால் பச்சைக் கேட்டில் வந்து நில். மீனுக்குப் பையும் எடுத்து வைத்துவிட்டாள்.

ஷரீஃப்